அனுமதி கேட்டுப் போனவர்கள்

1958 ஏப்ரல் 30. பெர்லினில் ஜெர்மன் புராட்டஸ்டண்ட் திருச்சபையின் சினோடு கூட்டத்துக்கு அன்று கடைசி நாள். அணு ஆயுதம் பற்றியும் ராணுவத்துக்குக் குருமார்களை அனுப்புவது பற்றியும் மோதி மோதிப் பிரதிநிதிகள் களைத்துப் போயிருந்தார்கள். அப்போது லோத்தர் கிரைசிக் என்பவர் ஒரு வேண்டுகோளை வாசித்தார். இரண்டாம் உலகப் போரைத் தொடங்கியவர்கள் நாம்தான். யூதர்களை லட்சம் லட்சமாகக் கொன்றவர்களும் நாம்தான். அதை விரும்பாமல் உயிர் தப்பியிருந்தவர்கள்கூட அதைத் தடுக்கப் போதுமானது எதையும் செய்யவில்லை என்று அது ஒளிவுமறைவின்றிச் சொன்னது. அடுத்து வந்த கோரிக்கையைத்தான் அங்கிருந்த யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நம்மால் நாசமான நாடுகள் சம்மதித்தால், நம் பிள்ளைகள் அங்கே போய் ஒரு குடியிருப்போ, தேவாலயமோ, மருத்துவமனையோ தங்கள் கையாலேயே கட்டிக் கொடுக்கட்டும் என்றார். முதலில் அவர் பெயர் சொல்லிக் கேட்ட நாடுகள் போலந்து, ரஷ்யா, இஸ்ரேல்.

'ஆக்ட்சியோன் ஸ்யூனட்சைஷென்' என்ற இயக்கம் அன்று பிறந்தது. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஓர் அடையாளச் செயல் என்று அந்தப் பெயரைப் புரிந்துகொள்ளலாம். திருச்சபைகள் வழியாக வெளிநாடு போய்த் தொண்டு செய்யும் இளைஞர்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எனக்கு இந்த இயக்கம்தான் நினைவுக்கு வரும். உதவி செய்யப் போகிறவன் அனுமதி கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதை இவ்வளவு தீர்மானமாகச் செய்து காட்டியவர்கள் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

கிரைசிக் பாதிரியார் அல்ல, நீதிபதி. பெர்லினுக்கு மேற்கே பிராண்டன்பர்க் நகர நீதிமன்றத்தில் காப்பாளர் வழக்குகளைப் பார்த்துவந்தார். மனநலம் குன்றியவர்கள், தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ள முடியாதவர்கள் பல நூறு பேர் அவருடைய நீதிமன்றப் பொறுப்பில் இருந்தார்கள். 1940-இல் அவர்களுடைய கோப்புகளில் மரணச் செய்திகள் வழக்கத்துக்கு மாறாகக் குவியத் தொடங்கின. காப்பகங்களிலிருந்து ஆட்களை வேறெங்கோ கொண்டுபோகிறார்கள், சில நாளில் இறந்துவிட்டதாகத் தாள் வருகிறது. ஹிட்லரின் அரசு ஊனமுற்றவர்களைத் திட்டமிட்டுக் கொல்கிறது என்று அவருக்குப் புரிந்தது. ஜூலையில் நீதி அமைச்சர் கியூர்ட்னருக்கு எழுதினார். தன் அனுமதியில்லாமல் ஒருவரையும் இடம் மாற்றக் கூடாது என்று காப்பகங்களுக்கு உத்தரவு போட்டார். திட்டத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரான பிலிப் பௌலர் மீது கொலைப் புகாரே கொடுத்தார். அமைச்சர் அவரை அழைத்து ஹிட்லர் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார். தலைவரின் விருப்பமே சட்டம் என்பதை ஏற்க முடியாவிட்டால் நீதிபதியாக நீடிக்க முடியாது என்று சொல்லப்பட்டது. ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். 1942-இல் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். தன் பண்ணையில் யூதப் பெண்கள் இருவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்.

இத்தனையும் செய்தவர்தான் 1958-இல் 'நாங்கள் போதுமானது செய்யவில்லை' என்று எழுதுகிறார். அவர் தன்னை விலக்கிக்கொள்ளாமல் 'நாங்கள்' கணக்கில் சேர்த்துக்கொண்டதால்தான், போர் முடிந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளையும் அவரால் கூப்பிட முடிந்தது என்று நினைக்கிறேன்.

அவர் முதலில் கேட்ட மூன்று நாடுகளும் உடனே கதவைத் திறக்கவில்லை. 1959-இல் நெதர்லாந்தும் நார்வேயும்தான் வரச் சொல்லின. நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்றொரு மாவட்டம். 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம் வீடு, பள்ளி, படகுத்துறை, தேவாலயம் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் அங்கே கொளுத்திவிட்டுப் போனது. மக்களை அடித்து விரட்டியது. போக மறுத்த சிலர் துருவக் குளிரில் குகைகளில் ஒளிந்து கிடந்தார்கள். அந்த மண்ணில் கோகெல்வ் என்ற சிற்றூரில் 1960-இல் ஜெர்மன் இளைஞர்கள் ஒரு தேவாலயத்தைக் கட்டி எழுப்பினார்கள். சீருடையில் வந்தவன் எரித்த ஊருக்கு, பதினைந்து வருடம் கழித்து அதே மொழி பேசிக்கொண்டு சுத்தியலும் பலகையுமாக இன்னொருவன் வருகிறான். அவனை ஊருக்குள் விட்டவர்களின் மனத்தைத்தான் நான் முதலில் வணங்குவேன்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம் 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இடைக்காலத்துப் பேராலயம் வெறும் சுவர்களாக மிஞ்சியது. பழிவாங்கும் எண்ணம் வேண்டாம், மன்னிப்பின் வழியில் போவோம் என்று அதன் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட் அந்த இடிபாடுகளுக்கு நடுவிலிருந்தே அறிவித்தார். 1961-இல் இயக்கத்தின் இளைஞர்கள் அங்கே போய், பாதிரிமார் அங்கி மாற்றும் அறைகள் இருந்த எரிந்த பகுதியை ஒரு சர்வதேச மையமாகக் கட்டிக் கொடுத்தார்கள். கதை அத்தோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் 1945 பிப்ரவரியில் தரைமட்டமாக்கிய டிரெஸ்டன் நகரில் டயகோனிச சகோதரிகளின் மருத்துவமனை இடிந்து கிடந்தது. அதைச் சீரமைக்க 1965-இல் கவென்ட்ரியிலிருந்து இளைஞர்கள் போனார்கள். குண்டு போட்ட இரண்டு பக்கத்தாரின் பிள்ளைகளும் ஒருவர் ஊரில் மற்றவர் செங்கல் சுமந்தார்கள். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்த இந்த ஒரு நிகழ்வுக்கு நான் ஆயிரம் மிஷன் பயணங்களுக்கு மேலான மதிப்புத் தருவேன்.

பிரான்சின் டேஸே கிராமத்தில் உலக இளைஞர்கள் இன்றும் கூடிப் பாடும் ஒப்புரவு ஆலயமும் இவர்கள் கட்டியதுதான். 1962 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன்பே பெர்லின் சுவர் எழுந்து இயக்கத்தை இரண்டாக்கிவிட்டது. கிரைசிக் கிழக்கில் மாட்டிக்கொண்டார். கிழக்கத்திய இளைஞர்கள் மேற்கே போக முடியாது. மக்டபர்க் நகரில் இடிந்த தேவாலயங்களின் கல்லையும் மண்ணையும் அள்ளுவதில் அவர்களுடைய கோடை முகாம்கள் தொடங்கின. பிறகு 1965-இல் ஒரு சிறு குழு சைக்கிளில் போலந்து எல்லையைத் தாண்டி ஆஷ்விட்ஸ் கொலை முகாம் வரை போய்ச் சேர்ந்தது. நாஜிக் குற்றங்களுக்கு மேற்கு ஜெர்மனிதான் பொறுப்பு, எங்கள் நாடு புதிதாகப் பிறந்தது என்று கிழக்கு ஜெர்மன் அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பிள்ளைகள் அந்த வசதியான பதிலை ஏற்காமல் சைக்கிளை மிதித்தார்கள்.

இஸ்ரேல் 1961-இல்தான் சம்மதித்தது. ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு நடந்த வருடம். முதல் குழு நெகேவ் பாலைவனத்தில் ஊரிம் என்ற கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தது. நாஜி முகாம்களில் குடும்பத்தையே பறிகொடுத்தவர்கள் வாழ்ந்த நாடு அது. தெருவில் ஜெர்மன் பேச்சு காதில் விழுந்தாலே முகம் திருப்பிக்கொண்டவர்கள் அங்கே எத்தனையோ பேர்.

அனுமதி கேட்காமல் உதவப் போகிறவர்களைப் பற்றி இவான் இல்லிச் சொன்னதை இந்த இடத்தில் பேசியாக வேண்டும். அவர் கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். மெக்சிகோவில் கோடைத் தொண்டுக்குக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் முன்னால் 1968 ஏப்ரலில் பேசினார். நீங்கள் உதவி செய்யப் போகும் மக்களின் மொழிகூட உங்களுக்குத் தெரியாது, உங்கள் வாழ்க்கை முறையை விற்கத்தான் போகிறீர்கள், சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கசப்பான பேச்சுதான். ஆனால் அதன் நியாயத்தை அடுத்த அரை நூற்றாண்டு நிரூபித்துவிட்டது. கம்போடியாவின் அனாதை இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு வந்து குழந்தைகளைக் கொஞ்சிவிட்டுப் போக வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுக்கத் தயாராக இருந்ததால், இல்லங்கள் பெருகின. வறுமையில் இருந்த குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைப் பிரித்து அவற்றை நிரப்பினார்கள். வந்தவர்களில் எத்தனையோ பேர் சர்ச் வாலிபர் குழுக்களோடு நல்ல மனத்தோடு வந்தவர்கள்தான். அந்தக் குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிரிவு.

கிரைசிக்கின் இயக்கம் இந்தப் பள்ளத்தில் விழாததற்குக் காரணம், போகிறவர் எல்லாரும் நல்லவர் என்பதல்ல. ஏற்பாடு அப்படி. கூப்பிட்ட இடத்துக்குத்தான் போவார்கள். இன்று பெரும்பாலும் ஒரு முழு வருடம் தங்குகிறார்கள். கிளம்புமுன் பயிற்சி முகாமில் தங்கள் நாட்டின் வரலாற்றை, சில சமயம் தங்கள் தாத்தாவின் வரலாற்றையே, எதிர்கொண்டாக வேண்டும். போன இடத்தில் மொழி கற்றுக்கொள்ள வேண்டும். வாரத்தில் சில நாள் நினைவிடத்து ஆவணக் காப்பகம், சில நாள் ஊனமுற்றோர் இல்லம், சில நாள் நாஜி முகாமிலிருந்து தப்பிய முதியவர் வீடு என்று வேலை பிரிந்திருக்கும். முதியவர் வீட்டில் பெரிதாக ஒன்றும் இருக்காது. காய்கறி வாங்கி வருவது, மாத்திரைகளை அடுக்கி வைப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கேட்பது. அந்த முதியவர்களில் சிலர் பெர்லினிலோ வியன்னாவிலோ பிறந்தவர்கள். அவர்களுக்கு ஜெர்மன் அம்மா பேசிய மொழி, பிறகு காவல்காரன் அதட்டிய மொழி. ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையோடு அதே மொழியில் காபி குடித்துக்கொண்டு பேச ஒருவர் ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய சம்மதம் என்பதை அந்தப் பிள்ளை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறது.

ராணுவத்தில் சேர மறுத்த ஜெர்மன் இளைஞர்கள் கட்டாயச் சேவைக்குப் பதிலாக இப்படி வெளிநாட்டில் தொண்டு செய்யும் வழி பல்லாண்டுகள் இருந்தது. 2011-இல் கட்டாய ராணுவச் சேவை நிறுத்தப்பட்டபின் அந்த வரவு நின்றுபோனது. தப்பிப் பிழைத்தவர்களும் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள். அகதிகளோடும் வீடற்றவர்களோடும் வேலை கூடியிருக்கிறது. இன்று போகிறவர்களில் ஜெர்மனியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய தாத்தா அந்தப் போரில் இருந்திருக்கவே மாட்டார். ஆனாலும் இந்த நாட்டின் கடவுச்சீட்டு கையில் இருந்தால் அதன் கடனும் என்னுடையதுதான் என்று போகிறார்கள்.

போக்கு ஒருவழியாகவும் இல்லை. ஒரு காலத்தில் கிரைசிக் அனுமதி கேட்ட போலந்து, இஸ்ரேல் போன்ற நாடுகளிலிருந்து இளைஞர்கள் இன்று அதே இயக்கத்தின் வழியாக ஜெர்மனிக்கு வந்து, அங்கேயுள்ள நினைவிடங்களிலும் முதியோர் வீடுகளிலும் ஒரு வருடம் வேலை செய்கிறார்கள். தொண்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் சபைகளும் கல்லூரிகளும், அந்தப் பக்கத்திலிருந்து நம்மிடம் யாராவது தொண்டுக்கு வர வழி வைத்திருக்கிறோமா என்று முதலில் பார்க்கட்டும்.