இந்தியாவில் சிறு செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்கான அரசு ஆதரவு

இந்தியாவில் செயற்கை நுண்ணறிவுத் துறையில் இயங்கும் சிறு நிறுவனங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் பல திட்டங்கள் வழியாக உதவுகின்றன. இவ்வுதவிகளைக் கணினித்திறன், தரவு, நிதி, கொள்முதல் வாய்ப்பு என நான்காகப் பிரிக்கலாம். இவற்றுள் நிதியுதவியே அதிகம் பேசப்படுகிறது. ஆனால், ஒரு சிறு நிறுவனம் நிலைத்து நிற்பதற்கு மற்ற மூன்றும் அதே அளவு தேவை.

சிறு நிறுவனம் எது?

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரையறையின்படி, இயந்திரம், கருவிகளில் 2.5 கோடி ரூபாய் வரை முதலீடும் 10 கோடி ரூபாய் வரை ஆண்டு விற்றுமுதலும் உள்ளவை குறு நிறுவனங்கள். 25 கோடி வரை முதலீடும் 100 கோடி வரை விற்றுமுதலும் உள்ளவை சிறு நிறுவனங்கள். இவை உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்கின்றன. புத்தொழில் நிறுவனம் என்பது இதிலிருந்து வேறுபட்ட ஏற்பு. 2016 ஜனவரி 16 அன்று தொடங்கப்பட்ட ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தின்கீழ் அது வழங்கப்படுகிறது. தகுதி இருந்தால் ஒரே நிறுவனம் இரண்டையும் பெறலாம்.

தனி ஆதரவு தேவைப்படும் காரணம்

சாதாரண மென்பொருள் நிறுவனத்தைச் சில மடிக்கணினிகளுடன் தொடங்கிவிடலாம். செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிக்கும் நிறுவனத்தின் நிலை வேறு. ஒரு ரூபாய் வருமானம் வருவதற்கு முன்பே அது விலையுயர்ந்த ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலிகளுக்குச் செலவு செய்ய வேண்டும். அடமானம் வைக்க நிலமோ ஆலையோ அதனிடம் இருப்பதில்லை. நிரல்களும் தரவுகளுமே அதன் சொத்து. எனவே வழக்கமான வங்கிக் கடன் கிடைப்பது கடினம்.

கணினித்திறன்

இந்தியா ஏஐ இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 மார்ச் 7 அன்று ஒப்புதல் அளித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு இதன் ஒதுக்கீடு சுமார் 10,372 கோடி ரூபாய். தனியார் நிறுவனங்களின் தரவு மையங்களில் உள்ள ஜிபியுக்களை ஒரே தளத்தில் இணைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு வழங்குவது இதன் முக்கியப் பணி. தகுதி பெறும் பயனர்களுக்குக் கட்டணத்தில் 40 விழுக்காடு வரை மானியம் உண்டு. 10,000 ஜிபியுக்கள் என்பதே தொடக்க இலக்கு. 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 34,000-ஐக் கடந்தது.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். மானியத்துக்குப் பின் ஒரு ஜிபியுவுக்கு மணிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஜிபியுக்களை 30 நாள் இடைவிடாமல் இயக்கினால் 5,760 மணிநேரம் ஆகும். செலவு 5,76,000 ரூபாய். மானியம் இருந்தும் இது சிறு நிறுவனத்துக்குப் பெரிய தொகையே.

தரவு

2025 மார்ச் 6 அன்று ஏஐகோஷ் என்னும் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. இதில் தரவுத்தொகுப்புகளும் மாதிரிகளும் கிடைக்கின்றன. 2022இல் தொடங்கப்பட்ட பாஷினி திட்டம் இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சுணரி வசதிகளை அளிக்கிறது. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் ஆய்வுக் குழுவும் தன் மாதிரிகள் பலவற்றைத் திறந்த முறையில் வெளியிட்டுள்ளது. ஆகவே, உழவர்களின் பேச்சுவழிக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லும் செயலியை உருவாக்க விரும்பும் இருவர், பேச்சுணரியை அடிப்படையிலிருந்து கட்ட வேண்டியதில்லை.

நிதி

ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2021இல் தொடங்கியது. தொழில் வளர்காப்பகங்கள் வழியாக, கருத்தை மெய்ப்பிக்க 20 லட்சம் ரூபாய் வரை மானியமும், சந்தைக்குச் செல்ல 50 லட்சம் வரை கடன் வடிவிலான முதலீடும் வழங்க இதில் வகை செய்யப்பட்டது. மேலே கண்ட கணக்கின்படி, 20 லட்சம் ரூபாய் முழுவதும் ஜிபியு வாடகைக்கே போனால் மூன்றரை மாதம்கூடத் தாங்காது. சம்பளம், வாடகை தனி.

அடமானம் இல்லாத குறு, சிறு நிறுவனங்களின் கடனுக்கு 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை பொறுப்பேற்கிறது. கடன் திரும்பாவிட்டால் இழப்பின் ஒரு பகுதியை வங்கிக்கு அது ஈடு செய்கிறது. இது மானியம் அன்று. நிறுவனம் கடனைத் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனத்தின் டான்சீட் திட்டம் தொடக்க நிலை நிறுவனங்களுக்கு விதை நிதி அளிக்கிறது. இது எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது என்பதால் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களும் இதில் போட்டியிடலாம்.

கொள்முதல்

அரசே வாடிக்கையாளர் ஆவது நான்காம் வகை ஆதரவு. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்பது விதி. ஏற்புபெற்ற புத்தொழில் நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளிக்கு முன்வைப்புத் தொகை கட்டத் தேவையில்லை. முன் அனுபவம், விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளையும் தரத்துக்கு உட்பட்டுத் தளர்த்தலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் கூட்டு வட்டி உண்டு.

குறைகளும் கேள்விகளும்

முதலாவது, பங்கீடு. இந்திய மொழிகளுக்கான பெரிய மாதிரியை உருவாக்க 2025 ஏப்ரலில் தேர்வான சர்வம் ஏஐ நிறுவனத்துக்கு 4,096 ஜிபியுக்கள் ஒதுக்கப்பட்டன. நாட்டுக்கெனப் பெரிய மாதிரி வேண்டும் என்பதும் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் வளர வேண்டும் என்பதும் நியாயமான நோக்கங்களே. இரண்டுக்கும் பொது வளத்தை எப்படிப் பிரிப்பது என்பதே கேள்வி.

இரண்டாவது, சார்பு. இத்தளத்தின் ஜிபியுக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு நிறுவனங்கள் வடிவமைத்தவை. அவற்றின் விலையோ ஏற்றுமதி விதியோ மாறினால் மானியக் கணக்கும் மாறும்.

மூன்றாவது, சந்தை. மலிவான கணினித்திறன் ஒரு மாதிரியை உருவாக்க உதவும். அதை வாங்க ஆள் இல்லையென்றால் மானியம் தீரும் நாளில் நிறுவனமும் நின்றுவிடும். முதல் உதவித்தொகையைவிட, உரிய காலத்தில் பணம் கொடுக்கும் முதல் வாடிக்கையாளரே சிறு நிறுவனத்துக்குப் பெரிய ஆதரவு. அதற்கான விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே மற்ற உதவிகளின் பயனும் அமையும்.