இறக்கிய எஞ்சினும் ஏற்றிய எஞ்சினும்

1990இல் தயாரான டீசல் லேண்ட் குரூஸர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடி திடமாக இருக்கிறது. சேஸிஸில் துரு இல்லை. கியர் தடங்கலின்றி விழுகிறது. எஞ்சின் மட்டும் போய்விட்டது. வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதா, வேறு எஞ்சின் ஏற்றுவதா? சிட்னியிலும் மெல்பேர்னிலும் ஃபோர்வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வி இது. ஏற்றுவது என்று முடிவெடுத்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அன்று ஏற்றிய விதமும் இன்று ஏற்றும் விதமும் வேறு. பட்டறைக்குள் நடந்த அந்த மாற்றம் நாம் சுவாசிக்கும் காற்றோடும், சொந்த வண்டியைப் பழுதுபார்க்கும் உரிமையோடும் சேர்ந்தே நடந்திருக்கிறது.

மலையில் தொடங்கிய கதை

1949இல் தொடங்கி 1974இல் முடிந்த ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில் 16 பெரிய அணைகளும் 7 மின்நிலையங்களும் கட்டப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே உழைத்தார்கள். சேறும் பனியும் நிறைந்த அந்த மலைப்பாதைகளில் முதலில் பிரிட்டனின் லேண்ட் ரோவர்தான் ஓடியது. 1950களின் பிற்பகுதியில், ஒப்பந்தக்காரர் லெஸ்லி தீஸ் ஜப்பானிலிருந்து லேண்ட் குரூஸர்களைத் தருவித்தார். டொயோட்டா ஆஸ்திரேலியாவில் காலூன்றியது அந்த மலையில்தான்.

அப்போது அவை பெட்ரோல் வண்டிகள். தொலைதூரப் பண்ணையில் எஞ்சின் படுத்துவிட்டால் ஜப்பானிலிருந்து உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க யாராலும் முடியாது. கைக்கு எட்டிய எஞ்சின்தான் உள்ளே போகும். மெல்பேர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் ஹோல்டன் தயாரித்த ஆறு சிலிண்டர் எஞ்சின் 1963இல் வந்தது. சிவப்பு வண்ணம் பூசியிருந்ததால் ‘ரெட் மோட்டார்’ என்றே பெயர். ஊருக்கு ஊர் கிடைத்த அந்த எஞ்சின், லேண்ட் ரோவரிலும் லேண்ட் குரூஸரிலும் ஏறியது. வேறு கம்பெனி எஞ்சினை வண்டியின் சொந்த கியர்பாக்ஸோடு இணைக்க அடாப்டர் பிளேட் வேண்டும். அதைக் கடைந்து விற்பதே தனித் தொழிலாகி, மெல்பேர்னின் மார்க்ஸ், விக்டோரியாவின் காசில்மேன் ராட் ஷாப், நியூ சவுத் வேல்ஸின் டெல்லோ ஆகிய பெயர்கள் பட்டறைக்காரர்கள் வாயில் புழங்கலாயின.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பேச்சு டீசல் பக்கம் திரும்பியது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. ஆற்றைக் கடக்கும்போது ஈரம் பட்டு மின்பொறி அணையும் கவலை இல்லை. ஒரு டேங்கில் அதிக தூரம் போகலாம். பண்ணைகளில் டிராக்டருக்கென்று பீப்பாயில் டீசல் எப்போதும் இருக்கும். இந்தத் தேவையை ஆஸ்திரேலிய ராணுவமும் உணர்ந்தது. 1987 முதல் சிட்னியின் மூர்பேங்கில் ஜாகுவார் ரோவர் ஆஸ்திரேலியா ராணுவத்துக்காகக் கட்டிய பெரென்டி வண்டி, பிரிட்டிஷ் லேண்ட் ரோவரின் உடலுக்குள் ஜப்பானின் இசுசு 3.9 லிட்டர் டீசல் எஞ்சினை வைத்தது. பட்டறைக்காரர்கள் கொல்லைப்புறத்தில் செய்துவந்ததை ஒரு தொழிற்சாலையே செய்துகாட்டியது.

இந்தக் கலை நமக்கும் புதிதல்ல. கம்பம், குமுளி பக்கத்து மலைகளில் ஏறிய ஜீப்புகளில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மெட்டடார் டீசல் எஞ்சினை ஏற்றியவர்கள் நம்மவர்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில், சில சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டினார்கள். இல்லாமையில் பிறந்த கையறிவு அது. அதை மதிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆஸ்திரேலியப் பட்டறையின் பழைய கதை அந்நியமாகத் தெரியாது.

ஒரே ஒரு ஒயர்

அன்றைய டீசல் எஞ்சினின் அருமை அதன் எளிமை. 1990 முதல் லேண்ட் குரூஸரில் வந்த 4.2 லிட்டர் 1எச்.இசட். எஞ்சினையும், 1988 முதல் நிஸான் பேட்ரோலில் வந்த 4.2 லிட்டர் டி.டி.42 எஞ்சினையும் பாருங்கள். இரண்டிலும் டீசலை அளந்து கொடுப்பது முழுக்க இயந்திர பம்பு. ஆக்சிலரேட்டர் கேபிள் அந்தப் பம்பின் நெம்புகோலை நேரடியாக இழுக்கிறது. பம்பின் மேல் ஒரு சிறிய சொலினாய்டு வால்வு. சாவியைத் திருப்பினால் 12 வோல்ட் போய் வால்வு திறக்கும். சாவியை அணைத்தால் மூடி, எஞ்சின் நிற்கும். குளிரில் ஸ்டார்ட் செய்ய க்ளோ பிளக்குக்கு மின்சாரம் வேண்டும். மற்றபடி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அந்த ஒரு ஒயர் போதும்.

ஆகவே அன்றைய சிரமமெல்லாம் இரும்பில் இருந்தது. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் போல்ட்டை முறுக்கியவருக்கு, மில்லிமீட்டரில் ஒரு பங்கு விலகலே சில மாதங்களில் பேரிங்கையும் கிளட்சையும் தின்றுகாட்டும். எண்ணெய்ச் சம்ப்பின் வடிவம் தவறினால், குழியில் இறங்கி முன் ஆக்ஸில் மேலெழும்போது சம்ப்பில் இடிக்கும். பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுழல்வது, டீசல் மெதுவாகச் சுழல்வது. அதனால் டிஃபரன்ஷியல் பல் விகிதத்தையும் யோசிக்க வேண்டும்.

பிரேக்கிலும் ஒரு கண் வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் மேனிஃபோல்டில் இயல்பாகவே வெற்றிடம் உண்டாகும். அதுதான் பிரேக் பூஸ்டரை இயக்கும். இந்த டீசல்களில் அது கிடையாது. அதனால்தான் டொயோட்டாவும் நிஸானும் எஞ்சினோடு சேர்த்தே சிறிய வாக்யூம் பம்பைப் பொருத்தி அனுப்பின. பெட்ரோலை இறக்கி டீசலை ஏற்றியவர் அந்தப் பம்பையும் அதன் எண்ணெய்க் குழாயையும் மறந்தால், முதல் இறக்கத்திலேயே பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். நல்ல மெக்கானிக் எஞ்சினைத் தனியாகப் பார்ப்பதில்லை. எஞ்சினோடு பிறந்த மற்ற உறுப்புகளையும் சேர்த்தே பார்ப்பார்.

அன்றைய புகை

அந்தக் காலத்தைப் பொன்னுலகமாக நினைக்க நான் தயாராக இல்லை. பழைய கிளட்ச் தட்டிலும் பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கம்ப்ரஸர் காற்றால் கிளட்ச் தூசியை ஊதித் தள்ளிவிட்டு அதே அறையில் தேநீர் குடித்தார்கள். ஆஸ்பெஸ்டாஸை ஆஸ்திரேலியா முழுமையாகத் தடைசெய்தது 2003 டிசம்பர் 31இல்தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. கரும்புகை கக்கும் வண்டியைப் பலசாலி என்று மெச்சிய காலம், அந்தப் புகை யாருடைய நுரையீரலுக்குள் போகிறது என்று கேட்காத காலம்.

இரட்டிப்பு பலமுள்ள எஞ்சினை ஏற்றிவிட்டுப் பழைய டிரம் பிரேக்கையே நம்பி ஓட்டிய வண்டிகளும் இருந்தன. அவை எல்லாம் பத்திரமாக நின்றுவிடவில்லை. பின்னால் வந்த விதிகள் பலவற்றுக்கும் அடியில் இப்படியொரு காரணம் இருக்கிறது.

இன்று: காகிதம் முதலில், கம்பி அடுத்து

இன்றைக்கு எஞ்சின் மாற்றுபவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒருவரைப் பார்க்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் அவர் மாநில அரசின் உரிமம் பெற்ற சான்றளிப்பாளர். விக்டோரியாவில் ‘வாஸ்’ திட்டத்தின்கீழ் கையெழுத்திடும் பொறியாளர். இருவருக்கும் பொது நூல், வி.எஸ்.பி. 14 எனப்படும் தேசிய நடைமுறைக் கையேடு. வண்டியின் எடைக்கேற்ப எஞ்சின் கொள்ளளவுக்கு உச்சவரம்பு உண்டு. பலம் கூடினால் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். உள்ளே வரும் எஞ்சின், வண்டி தயாரான காலத்துப் புகைவிதியையாவது நிறைவேற்ற வேண்டும். பிற்காலத்து எஞ்சின் என்றால், அதனோடு பிறந்த புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளும் கூடவே வர வேண்டும். வேலை முடிந்ததும் புதிய எஞ்சின் எண்ணைப் பதிவில் ஏற்ற வேண்டும். தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் கண்ணுக்குத் தெரியும்படி புகை விட்டால் இரு மாநிலங்களிலும் குற்றம்.

முன்பு எஞ்சினை ஏற்றிவிட்டுக் காகிதம் தேடினார்கள். இன்று அப்படிச் செய்பவர், ஏற்றியதை இறக்கவேண்டி வரலாம்.

இரும்பு வேலை இன்று எளிதாகிவிட்டது. அடாப்டரும் மவுண்டும் துல்லியமாகக் கடையப்பட்டுப் பெட்டியில் வருகின்றன. சிரமம் வயரிங்குக்கு இடம்பெயர்ந்துவிட்டது. பழைய எஞ்சினின் நாசில் ஏறக்குறைய 150 பார் அழுத்தத்தில் திறந்தது. இன்றைய காமன்ரெயில் எஞ்சினில் அழுத்தம் 1,500 பாரைத் தாண்டும். எந்தக் கணத்தில் எவ்வளவு டீசல் பாய வேண்டும் என்பதைக் கணினி முடிவுசெய்கிறது. சாவியில் உள்ள சில்லை இம்மொபிலைசர் அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் அசையாது. அதனால்தான் இன்று பலர் எஞ்சினைத் தனியாக வாங்குவதில்லை. விபத்தில் அடிபட்ட வண்டியின் முன்பாதியை அப்படியே வாங்குகிறார்கள். ‘ஹாஃப் கட்’ என்பார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கணினி, சாவி எல்லாம் அதில் ஒன்றாக இருக்கும்.

எரிபொருளும் மாறியது. 2002 இறுதியில் ஆஸ்திரேலிய டீசலில் கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு, 2006இல் 50, 2009 முதல் 10. கந்தகம் குறைந்ததால்தான் புகைக்கரி வடிகட்டிகள் வேலைசெய்ய முடிந்தது. லேண்ட் குரூஸர் 70 வரிசையில் எஞ்சினின் பயணத்தைப் பாருங்கள். 1எச்.இசட். போய் 2007இல் 4.5 லிட்டர் வி8 வந்தது. 2023 இறுதியில் 2.8 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் சேர்ந்தது. அளவில் சிறியது, இழுவிசையிலோ 500 நியூட்டன் மீட்டர், வி8ஐவிட 70 கூடுதல்.

இன்னொரு திருப்பமும் நடந்திருக்கிறது. ஃபோர்டின் மெல்பேர்ன், ஜீலாங் தொழிற்சாலைகள் 2016 அக்டோபரில் மூடப்பட்டன. டொயோட்டாவின் ஆல்டோனா, ஹோல்டனின் எலிசபெத் தொழிற்சாலைகள் 2017 அக்டோபரில் மூடப்பட்டன. ஆனால் ஜீலாங்கில் வார்க்கப்பட்ட ஃபோர்டின் ஆறு சிலிண்டர் ‘பாரா’ பெட்ரோல் எஞ்சின், இன்றும் உடைந்த ஃபால்கன் கார்களிலிருந்து கழன்று பழைய டீசல் பேட்ரோல்களுக்குள் ஏறுகிறது. அன்று ஃபிஷர்மன்ஸ் பெண்ட், இன்று ஜீலாங். கார் செய்வதை நாடு நிறுத்திய பிறகும் அதன் எஞ்சின்களை மக்கள் விட்டபாடில்லை.

எஞ்சினே வேண்டாம் என்றவர்களும் உண்டு. மெல்பேர்னில் 2018இல் தொடங்கிய ஜான்ட் என்ற நிறுவனம், பழைய லேண்ட் ரோவர்களின் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டாரைப் பொருத்தியது. அதே ஆண்டில் சுரங்க நிறுவனமான பி.எச்.பி. தன் ஒலிம்பிக் டாம் சுரங்கத்தில் மின்சார லேண்ட் குரூஸரைச் சோதனைக்கு இறக்கியது. சுரங்கத்துக்கு இதன் அர்த்தம் ஆழமானது. மூடிய சுரங்கவழியில் டீசல் புகை எளிதில் வெளியேறாது. தொழிலாளியின் மூச்சுக்குள்ளும் போகும்.

யாருடைய கையில் அறிவு?

அன்றும் இன்றும் என்று அடுக்கிப் பார்க்கும்போது என்னை அதிகம் உறுத்துவது விதிகளின் எண்ணிக்கை இல்லை. விதிகள் பெரும்பாலும் நன்மையே செய்திருக்கின்றன. கவலை, அறிவு எங்கே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான். பம்பைப் பிரித்துப் பார்த்தே ஒருவர் தொழில் கற்க முடிந்தது. மென்பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்க, தயாரிப்பாளர் கதவைத் திறக்க வேண்டும்.

அந்தக் கதவை ஆஸ்திரேலியா சட்டத்தால் கொஞ்சம் திறந்திருக்கிறது. 2022 ஜூலை 1 முதல், கார் நிறுவனங்கள் தங்கள் சொந்த டீலர்களுக்குத் தரும் சர்வீஸ், பழுதுபார்ப்புத் தகவல்களைச் சுதந்திரமான பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் விற்றாக வேண்டும். நுகர்வோர் ஆணையம் மேற்பார்வையிடுகிறது. ஆனால் அந்தச் சட்டம் 2002இலும் அதற்குப் பின்னும் தயாரான வண்டிகளுக்கே பொருந்தும். நல்ல தொடக்கம் அது. புதிய எஞ்சினைப் பழைய வண்டியோடு பேசவைக்கும் அறிவுக்கும் அத்தகைய திறப்பு வேண்டும்.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவருக்கு நான் சொல்வது இதுதான். எஞ்சின் போனால் வண்டியைக் கைவிட வேண்டியதில்லை. புதிதாக ஒரு சேஸிஸும் பாடியும் செய்யத் தேவைப்படும் இரும்பும் மின்சாரமும் கொஞ்சமல்ல. முதலில் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள். பிறகு சான்றளிப்பாளரிடம் பேசுங்கள். அவர் சரி என்ற பின்னரே எஞ்சினைத் தேடுங்கள். தேடும்போது, இறக்கியதைவிடச் சுத்தமான எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். கரி வடிகட்டியோடு வந்த எஞ்சினாக இருந்தால் அந்த வடிகட்டியையும் சேர்த்தே ஏற்றுங்கள். எஞ்சின் மாற்றம் அன்று வண்டியின் ஆயுளை மட்டும் நீட்டித்தது. இன்று அந்த வண்டிக்குப் பின்னால் நடந்து போகிறவரின் ஆயுளையும் கணக்கில் கொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி ஏற்றும் எஞ்சின்தான் பழைய வண்டிக்கு ஊருக்குள் ஓடும் தகுதியைத் திரும்பத் தருகிறது.