அடைகாக்கும் பெட்டி

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் உச்சிப்புளி என்னும் ஊர் உள்ளது. அதற்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த கடலோர ஊர் புதுமடம். இத்தகைய ஊர்களில் வீட்டுப் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். வலை வெறுமையாய்த் திரும்பும் நாளில் ஒரு கோழியின் விலை எளிய குடும்பத்திற்குப் பேருதவியாகும்.

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டவுடன் அடைக்கு விழும். 21 நாட்கள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். பின்னர் இரண்டு மாதங்களுக்கு மேல் குஞ்சுகளைப் பேணும். அதுவரை அது மீண்டும் முட்டையிடுவதில்லை. அடைக்கோழி இடையில் எழுந்து சென்றுவிட்டாலோ, கீரிப்பிள்ளை அதனைக் கவர்ந்துவிட்டாலோ அத்தனை முட்டைகளும் வீணாகும். உள்ளே வளர்ந்துவந்த உயிர்களும் மடியும். இவ்விழப்பைத் தவிர்க்க வழியுண்டா என்று மாந்தர் எண்ணியதன் பயனே அடைகாக்கும் பெட்டி.

இம்முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. எகிப்து நாட்டினர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தாய்க்கோழியின்றிக் குஞ்சு பொரிக்கும் கலையை அறிந்திருந்தனர். எரு மண்ணில் புதைக்கப்பட்ட முட்டைகள் அங்கே பொரிப்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். பிற்காலத்தில் அந்நாட்டினர் செங்கல்லால் பெரிய அடுப்பறைகளைக் கட்டி, ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒருங்கே பொரிக்கச் செய்தனர். அவர்களிடம் வெப்பமானி இல்லை. முட்டையைத் தம் கண்ணிமையில் வைத்து, அதன் சூட்டை உணர்ந்தே அளவறிந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் இக்கலையை ஆராய்ந்து 1749-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். எகிப்தியர் இமையால் அறிந்ததனை அவர் வெப்பமானியால் அளந்தார். 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெட்டலூமா நகரில் லைமன் பைஸ் என்பவர் தாமே வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளும் பொறியை உருவாக்கினார். அதன்பின் அந்நகரம் முட்டைத் தொழிலால் புகழ்பெற்றது.

பெட்டியைச் செய்ய முற்படுவோர், தாய்க்கோழி அடையில் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கோழி முட்டைகளுக்குத் தன் உடற்சூட்டை அளிக்கிறது. அலகால் அவற்றை அடிக்கடி புரட்டுகிறது. தன் உடலால் மூடி, ஈரம் அளவுக்கு மீறி வற்றாமல் காக்கிறது. இரை தேட எழும் சிறுபொழுதில் புதுக்காற்றுப் படச் செய்கிறது. முட்டையின் ஓட்டில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே கரு உயிர்வளியைப் பெற்றுக் கரிவளியை வெளிவிடுகிறது. ஆகவே வெப்பம், புரட்டல், ஈரம், காற்று ஆகிய நான்கும் அடைகாத்தலின் நான்கு தூண்கள் எனலாம். இவற்றுள் ஒன்று குறையினும் குஞ்சு வெளிவராது.

பெட்டிக்கு ஏற்ற பொருள் கடற்கரை ஊர்களில் எளிதிற் கிடைப்பதே. மீனையும் இறாலையும் பனிக்கட்டியிட்டு அனுப்பும் தெர்மோகோல் பெட்டியே அது. வெளிச்சூடு உட்புகாமல் பனிக்கட்டியைக் காக்கும் அப்பெட்டி, உட்சூடு வெளியேறாமல் முட்டையையும் காக்கும். பழைய பெட்டியாயின், அதனை நன்கு கழுவி வெயிலில் உலர்த்திக்கொள்ள வேண்டும். சூடு தருவதற்கு 25 அல்லது 40 வாட் குமிழ் விளக்கு போதும். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் ஒளியை மிகுதியாகவும் வெப்பத்தைக் குறைவாகவும் தருவதால் இப்பணிக்கு உதவா. ஒரு பெரிய விளக்கைக் காட்டிலும் இரு சிறிய விளக்குகள் பொருத்துவது நன்று. ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று உயிர்களைக் காக்கும் அன்றோ! வெப்பம் கூடியவுடன் விளக்கை அணைத்து, குறைந்தவுடன் ஏற்றும் சீராக்கி ஒன்றை இணைத்தல் இன்றியமையாதது.

தெர்மோகோல் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆதலின் விளக்கு பெட்டியின் சுவரைத் தொடாதவாறு கம்பிவலையால் தடுப்பு அமைத்தல் வேண்டும். பெட்டியுள் நீரும் இருப்பதால், மின்கம்பிகளை இணைக்கும் பணியை அத்தொழில் அறிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும். சிறுவர் தாமே செய்தல் ஆகாது. பெட்டியின் அடிப்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் சில துளைகள் இடவேண்டும்.

காற்றாடி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் வெப்பம் 38.3 முதல் 38.9 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். சிறு காற்றாடி பொருத்தி வெப்பத்தை எங்கும் பரவச் செய்தால் 37.5 டிகிரி போதும். வெப்பம் சிறிது குறைவதைவிட மிகுவதே கேடு. மின்சாரம் தடைப்பட்டுச் சிறிது நேரம் முட்டை குளிர்ந்தாலும் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அப்பொழுது பெட்டியைத் திறவாமல் கம்பளியால் போர்த்தி வைத்தால் போதும். 40 டிகிரிக்கு மேற்பட்ட சூடு நெடுநேரம் நீடிப்பின் கரு பிழைத்தல் அரிது. எனவே கோடையில் பெட்டியை வெயில் படாத அறையில் வைத்தல் நலம்.

பெட்டியுள் ஒரு தட்டில் நீர் வைக்க வேண்டும். நீரின் ஆழத்தைவிட அதன் மேற்பரப்பே ஈரத்தின் அளவை உறுதி செய்கிறது. முதல் 18 நாட்கள் ஈரப்பதம் நூற்றுக்கு 50 முதல் 55 வரை இருப்பது போதும். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உண்டு. முட்டையின் நீர் சிறிது சிறிதாக ஆவியாக, இவ்வறை பெரிதாகும். ஈரம் மிகுந்தால் அறை போதிய அளவு பெருகாது. குறைந்தால் குஞ்சு உலர்ந்துபோகும். கடற்கரையின் காற்று இயல்பிலேயே ஈரமுடையது. ஆதலின் உள்நாட்டு ஊர்களுக்குக் கூறும் அளவை அவ்வாறே பின்பற்றாமல், ஈரமானியைப் பார்த்து நீரைக் கூட்டியோ குறைத்தோ வைப்பதே அறிவுடைமை.

சேவலோடு கூடி வாழும் கோழியின் முட்டையே குஞ்சு பொரிக்கும். ஓடு கீறாத, நடுத்தர அளவுள்ள முட்டைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டின்மேல் இயற்கையாக அமைந்த மெல்லிய படலம் நுண்ணுயிர்களைத் தடுப்பதால் முட்டையைக் கழுவுதல் கூடாது. வெப்பமான இடத்தில் முட்டையைச் சேமித்து வைத்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி வலிவிழக்கும். ஈரமணலின்மேல் வைத்த மண்பானையுள், கூரிய முனை கீழாக இருக்குமாறு முட்டைகளை வைத்து, ஒரு வாரத்துக்குள் பெட்டியில் அடை வைத்துவிட வேண்டும்.

முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளமும், மறுபக்கத்தில் வேறோர் அடையாளமும் இட்டால் புரட்டுவது எளிதாகும். நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து முறை, அஃதாவது ஒற்றைப்படை முறையில், புரட்டுதல் வேண்டும். அவ்வாறு செய்தால் நீண்ட இரவுப்பொழுதில் ஒரே பக்கம் நாள்தோறும் மேலே இராது. புரட்டாவிடில் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு மடியும்.

ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையின் பின்னே விளக்கொளி காட்டிப் பார்த்தால், சிலந்தி கால்பரப்பியது போலச் செந்நிற நரம்புகள் தெரியும். அது உயிருள்ள முட்டை. ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பது கருவற்றது. அதனை நீக்கிவிட வேண்டும். நீக்காவிடின் அது கூழ்முட்டையாகி, வெடித்து, ஏனைய முட்டைகளையும் கெடுக்கும்.

18-ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை நூற்றுக்கு 65 முதல் 70 வரை உயர்த்த வேண்டும். இருபதாம் நாளளவில் குஞ்சு தன் அலகால் காற்றறையைத் துளைத்து முதன்முதலாக நுரையீரலால் மூச்சுவிடும். ஓட்டினுள்ளிருந்து மெல்லிய ஒலியும் கேட்கும். அலகின் நுனியிலுள்ள சிறு முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறி, பலமணி நேரம் ஓய்ந்தும் முயன்றும் அது வெளிவரும். காண்போர் இரக்கத்தால் ஓட்டை உடைத்து உதவுதல் தீது. அந்நேரத்தில்தான் மஞ்சட்கருவின் எஞ்சிய பகுதி குஞ்சின் வயிற்றினுள் இழுக்கப்படுகிறது. முன்னதாக உடைத்தால் குருதி கசிந்து குஞ்சு இறக்கக்கூடும். உள்ளிழுத்த அம்மஞ்சட்கருவே முதல் இரண்டு நாட்களுக்கு அதன் உணவு. ஆதலின் உடல் நன்கு உலரும்வரை குஞ்சைப் பெட்டியிலேயே விட்டுவைக்கலாம்.

இதே கடலின் கரைகளில் பங்குனி ஆமைகளும் மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. நாய் நரிகளுக்கு இரையாகாமல் காக்க, தமிழகக் கடற்கரையில் அம்முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகங்களில் புதைத்து வைப்பதுண்டு. வெயிலின் சூட்டில் அவை ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் பொரிக்கும். கோழி முட்டையைப் புரட்டாவிடில் கரு மடியும். ஆமை முட்டையையோ, கரு ஓட்டில் பற்றிய பின்னர்ப் புரட்டினால் மடியும். உயிருக்கு உயிர் இயற்கையின் முறை வேறுபடுகிறது. அம்முறையை அறிந்து ஒழுகுவதே அடைகாப்பின் முதற்பாடம்.

பெட்டியால் சூட்டைத் தரவியலும். ஈரத்தையும் காற்றையும் தரவியலும். குஞ்சு வெளிவந்தபின் இரை காட்டவும், பருந்தைக் கண்டால் சிறகுள் ஒளிக்கவும் அதனால் இயலாது. ஆகவே முதல் வாரத்தில் 35 டிகிரி அளவில் சூடு தந்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து, தூய நீரும் இரையும் அளித்துப் பேணும் கடமை பெட்டியைச் செய்தவரைச் சேர்கிறது. 21 நாட்கள் பெட்டியைக் கருத்தோடு பார்த்துக்கொண்டவரே அக்குஞ்சுகளுக்குத் தாயாகவும் விளங்குதல் வேண்டும்.