எஃகின் மேனியில் எழும் வரிகள்

நுழையும்முன்

உருகி, உறைந்து, அடிபட்டு, உருட்டப்பட்டு வந்த தன் வரலாற்றை எஃகு தன்னுள்ளே தாங்கியிருக்கிறது. மெருகேற்றும்போது சில வேளைகளில் அவ்வரலாறு மேற்பரப்பில் வெளிப்படுகிறது. அதனைக் கறையென ஒதுக்குவதா, செய்தியெனப் படிப்பதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பட்டறையில் ஒரு புதிர்

எஃகு நம் வாழ்வோடு கலந்தது. கும்மிடிப்பூண்டியின் ஆலைகளில் அது உருகுகிறது. கடம்பத்தூர் வழியே செல்லும் தண்டவாளமாக நீள்கிறது. சமையலறையில் எவர்சில்வர் பாத்திரமாக ஒளிர்கிறது. அதே துருப்பிடிக்காத எஃகில் கையால் கத்தி செய்வோர் ஒரு புதிரைச் சந்திப்பதுண்டு. தகட்டை வெட்டி, பதமேற்றி, உப்புத்தாளால் தேய்த்து மெருகூட்டும் இறுதிக் கட்டத்தில், கண்ணாடி போன்ற பரப்பின்மீது மெல்லிய வரிகளோ நீரலை போன்ற நெளிவுகளோ தோன்றுகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் அவை மறைவதில்லை. கை பிழைத்ததா, பொருள் பிழைத்ததா?

வரிகளின் பிறப்பு

இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் 1913ஆம் ஆண்டு ஹாரி பிரியர்லி என்பார் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை உருவாக்கினார். குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிந்து துருவைத் தடுக்கிறது. ஆயினும், கத்திக்குக் கூர்மை நிலைக்க வேண்டுமெனில் கார்பனும் மிகுதியாக வேண்டும். கார்பனும் குரோமியமும் இணைந்து கார்பைடு எனும் மிகக் கடினமான நுண்துகள்களாகின்றன.

உருகிய எஃகு ஒரே நேரத்தில் உறைவதில்லை. மரக்கிளைகள் போலப் படிகங்கள் முதலில் வளர்கின்றன. அக்கிளைகளின் இடைவெளிகளில் எஞ்சும் குழம்பில் குரோமியமும் கார்பனும் மிகுதியாகத் தேங்குகின்றன. பின்னர் ஆலையில் தகடாக உருட்டும்போது, அத்தேக்கங்கள் உருட்டிய திசையில் வரிசைகளாக நீள்கின்றன. மெருகூட்டுகையில் மென்மையான பகுதி விரைவாகத் தேய, கார்பைடு வரிசை தேயாது மேலெழுந்து நிற்கிறது. ஒளி இரண்டிலும் வேறுபட்டுத் தெறிப்பதால் வரி தெரிகிறது. அமிலத்தில் தோய்த்தால் அது இன்னும் துலங்கும்.

எல்லாத் தடங்களும் இவ்வகையின அல்ல. தேய்க்கும் திசையை மாற்றினால் தானும் திசைமாறும் கோடு, உப்புத்தாளின் கீறல். எத்திசையில் தேய்த்தாலும் அதே திசையில் மீண்டெழும் வரி, உலோகத்தின் உள்ளமைப்பு. சாணை பிடிக்கும்போது விளிம்பில் நீலநிறம் படர்ந்தால் அது வரியுமன்று, அழகுமன்று. சூடு மிகுந்து பதம் கெட்டிருக்கலாம் என்னும் எச்சரிக்கை. நிறத்தை மட்டும் தேய்த்து அகற்றினால் கத்தி ஒளிரும்; கூர் நிலைக்காது.

தமிழகத்தின் உருக்கு

இன்று குறையெனக் கருதப்படும் இத்தகைய வரியே ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், இரும்பும் எஃகும் அங்கு உருவாக்கப்பட்டதைக் காட்டுகின்றன. இரும்பையும் மரக்கரி போன்ற கார்பன் தரும் பொருளையும் மண்குகையில் இட்டு மூடி உருக்கும் முறை தென்னிந்தியாவில் சிறந்திருந்தது. இவ்வெஃகுக் கட்டிகள் மேற்காசியா சென்று, நீரலைக் கோலம் ஒளிரும் டமாஸ்கஸ் வாள்களாயின. ஐரோப்பியர் இவ்வெஃகை 'ஊட்ஸ்' என்றனர். கொல்லரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, 1819இல் இதனைப் பகுத்தாய்ந்து கட்டுரை வெளியிட்டார். எனினும் கோலத்தின் மறைபொருள் விளங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கலை மறைந்தது.

1998இல் ஜான் வெர்ஹோவன் என்னும் உலோகவியல் பேராசிரியரும் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்னும் கத்திக் கொல்லரும் ஒரு விளக்கத்தை வெளியிட்டனர். தாதுவில் மிகச் சிறிதளவே இருந்த வனேடியம் போன்ற தனிமங்கள், உறையும்போது வரிசைகளாகத் தேங்கின. திரும்பத் திரும்பச் சூடேற்றி அடிக்கையில் கார்பைடு துகள்கள் அவ்வரிசைகளில் திரண்டன. அதுவே கோலம் என்றனர். அத்தனிமங்கள் அற்ற தாது வந்தபோது, பழைய முறையில் அடித்தும் கோலம் எழவில்லை. கலை மறைந்ததற்கு அதுவே காரணமாகலாம் என்பதும் அவர்தம் கருத்து.

கையும் கருத்தும்

கொல்லரின் கை தவறவில்லை; காரணம் அறியப்படாததே இழப்பாயிற்று. 'எப்படி' என்பதைக் கை காத்தது. 'ஏன்' என்பதைக் காக்க எழுத்தும் ஆய்வும் வேண்டும். 'ஊட்ஸ்' விடை கிடைத்ததும் பேராசிரியரும் கொல்லரும் ஒருங்கிணைந்தபோதுதான். ஆகவே, தொழிற்கூடத்தில் விளங்காத தடமொன்றைக் காணும் இளைஞர், அதனைத் தேய்த்து மறைப்பதற்குமுன் ஒருகணம் நின்று உற்றுநோக்குதல் வேண்டும். எஃகு தன் கதையைச் சொல்லத் தொடங்கியிருக்கலாம்.

கற்பவை கற்றபின்…

உம் ஊரிலுள்ள கொல்லர் பட்டறைக்குச் சென்று, எஃகுக்குப் பதமேற்றும் முறையையும் அதில் வழங்கும் தொழிற்சொற்களையும் கேட்டறிந்து தொகுக்க.