அடைப்புக்குறி காதில் விழுமா?

தமிழில் வந்த எந்தக் குர்ஆன் தர்ஜமாவைப் பிரித்தாலும் பக்கம் தவறாமல் அடைப்புக்குறிகள் கண்ணில் படும். மூலத்தில் 'சொல்' என்று மட்டும் இருக்கும் இடத்தில், அது நபிக்கு இட்ட கட்டளை என்பதை மொழிபெயர்ப்பாளர் குறிக்குள் சேர்த்திருப்பார். வசனம் இறங்கிய சூழல், மூலத்தில் தொக்கி நிற்கும் எழுவாய், சில இடங்களில் தம் மத்ஹபின் முடிவு ஆகியவையும் அதற்குள்தான் இருக்கும். இறைவசனம் எது, ஆலிமின் விளக்கம் எது என்று வாசகர் பிரித்தறிய அந்த இரண்டு வளைகோடுகளை விட்டால் வேறு வழியில்லை. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வளரும் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளில் பலருக்கு அந்தக் கோடுகள் இருப்பதே தெரியாது. அவர்களுக்குத் தமிழ் காது வழியாக மட்டுமே வருகிறது.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலிலும் ஜும்மாவில் தமிழ் ஒலிக்கிறது. ஹஜ்ரத் ஆயத்தை ஓதுகிறார்; அதே மூச்சில் பொருள் சொல்கிறார். குறிக்குள் இருந்ததும் வெளியே இருந்ததும் ஒரே குரலில், ஒரே ஏற்ற இறக்கத்தில் வந்து விழுகின்றன. வீட்டுக்குத் திரும்பும் பையன் முழுவதையும் 'குர்ஆன்ல இப்படித்தான் இருக்கு' என்று சொல்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் குறிகளுக்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி தம் தர்ஜமாவின் முதல் பகுதியை 1929இல் வெளியிட்டார். முழு நூல் கைக்கு வர 1949 ஆயிற்று. வேதத்தைத் தமிழாக்கலாமா என்ற கேள்வியே சர்ச்சையாக இருந்த காலம் அது. தம் சொல் எங்கே தொடங்குகிறது என்பதை அச்சில் காட்டுவது அன்றைய ஆலிம்களுக்கு அமானிதம். அதே காலத்தில் பகுத்தறிவு நோக்கில் எழுதிய பா. தாவூத்ஷா கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அவருடைய 'தாருல் இஸ்லாம்' போன்ற இதழ்கள் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. இங்கிருந்தவர்கள் படித்தார்கள், ஒப்பிட்டார்கள், சண்டையும் போட்டார்கள். கையில் அச்சுப் பிரதி இருந்ததால்தான் அந்தச் சண்டை நடந்தது.

இன்று நிலைமை தலைகீழ். தஃப்சீர் எனும் குர்ஆன் விளக்கவியலில் உலகம் கவனிக்கும் விவாதங்கள் நம் வாசலிலேயே நடந்திருக்கின்றன. இன்று கோம்பாக்கில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய அமெரிக்க அறிஞர் அமீனா வதூதின் 'குர்ஆனும் பெண்ணும்' 1992இல் முதலில் அச்சானது கோலாலம்பூரில்தான். அவர் எட்டிய முடிவுகள் பலவற்றை உலமாக்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வியை ஒதுக்க முடியாது: வாசிப்பவர் தம் காலத்தையும் அனுபவத்தையும் சுமந்துகொண்டுதானே வசனத்துக்குள் நுழைகிறார்? ஒவ்வொரு சொல்லையும் குர்ஆனின் சொற்பின்னலுக்குள்ளேயே வைத்துப் பொருள் காண வேண்டும் என்று 1950களிலிருந்து எழுதிவந்தவர் ஜப்பானிய அறிஞர் தோஷிஹிகோ இஸுட்ஸு. அவர் நூல்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவிலேயே மறுபதிப்பு உண்டு. தஃப்சீர் ஒழுங்குமுறை உள்ள ஓர் அறிவுத்துறை, மனம்போன போக்கில் பொருள் சொல்வதற்கு அங்கே இடமில்லை என்று வாதாடிய சையது முஹம்மது நகிப் அல்-அத்தாஸும் இந்த நகரத்தில் இருந்துதான் எழுதினார். எல்லாம் ஆங்கிலத்தில், மலாயில். மஸ்ஜித் இந்தியாவின் தமிழ் பயான் வரை அவை வந்து சேரவில்லை.

மலாயில் அப்துல்லா பஸ்மேயின் 'பிம்பினான் அர்-ரஹ்மான்' இருக்கும்போது தமிழ் எதற்கு என்பார்கள் சிலர். நல்ல நூல்தான். ஆனால் வீட்டுக்குள் மார்க்கம் பேசப்படும் மொழி தமிழ். கிள்ளானில் ஒரு வீட்டில் மஃரிபுக்குப் பிறகு நன்னிமா தடித்த தர்ஜமாவை மடியில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்க வாசிக்கிறார். பேத்தி கைப்பேசியில் மலாய்ப் பொருளைப் பார்த்து, "நன்னிமா, நீங்க படிச்சது இதுல இல்லையே" என்கிறாள். நன்னிமா வாசித்தது குறிக்குள் இருந்த வரி. விரலை வைத்துக் காட்டுகிறார். பேத்திக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் கடைப்பலகையைக்கூட அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும் தலைமுறை அவளுடையது.

இந்த நாட்டில் 1986ஆம் ஆண்டின் குர்ஆன் அச்சிடல் சட்டப்படி, மூல அரபு வாசகம் இல்லாமல் மொழிபெயர்ப்பை மட்டும் வெளியிட முடியாது. 2023இல் பல மொழிகளில் 10 லட்சம் பிரதிகள் அச்சிட 1 கோடி ரிங்கிட் ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. மூலமும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அக்கறை அச்சுக்கு இருக்கிறது. காதுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

வழி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் காயல்பட்டினத்திலும் இலங்கையின் பேருவளையிலும் ஆலிம்கள் தஃப்சீர் எழுதியது அர்வியில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில். சமயப் பள்ளியில் ஜாவி, அதாவது அரபு எழுத்தில் எழுதிய மலாய், படிக்கும் நம் பிள்ளைகள் அரபு எழுத்தைச் சரளமாக வாசிக்கிறார்கள். தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். அர்விக்கு வேண்டியவை இவை இரண்டும்தான். 'ப', 'ச', 'ங' ஓசைகளுக்கு ஜாவி செய்துகொண்டதைப் போலவே அர்வியும் கூடுதல் எழுத்துகளை உருவாக்கி வைத்திருக்கிறது. அவற்றைப் பழக அதிக நாள் ஆகாது.

குர்ஆனின் கடைசிப் பாகமான ஜுஸ்உ அம்மாவின் 37 சூராக்களில் தொடங்கலாம். தொழுகையில் பிள்ளைகள் ஏற்கெனவே ஓதுபவை அவை. மேலே மூலம், கீழே அர்வியில் தமிழ்ப் பொருள், விளக்கச் சொற்களுக்கு மட்டும் வேறு நிற மை. ஜும்மா மேடையில் ஹஜ்ரத்மார்கள் ஆயத்தின் பொருளைச் சொல்லி நிறுத்தி, "இனி வருவது முஃபஸ்ஸிரின் விளக்கம்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். அதற்குப் பணம் வேண்டாம், குழு வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமையே செய்யலாம்.