இரவிலேயே எழுந்து புறப்பட்ட விசுவாசம்



அடைமழை பெய்து, அப்புத்தளை மலைமுகடுகளைப் பனிமூட்டம் மறைக்கும் இரவுகளில், லயன்களில் வாழும் நம் குடும்பங்கள் செபமாலையைக் கையில் எடுக்கின்றன. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று தாய்மார் பிள்ளைகளைத் தேற்றுகின்றனர். அது நல்ல வார்த்தை. ஆயினும், ஆண்டவர் எவ்வழியாக நம்மைப் பார்த்துக்கொள்கிறார் என்பதையும் நாம் சிந்திக்க வேண்டாமா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை. வரவேற்கப் பெற்றோரும் இல்லை. அந்நிலம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எனினும், போய்க் குடியேற அம்மக்களுக்கு வேறிடம் வழங்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டம் உட்பட மலையகத்தை மீண்டும் உலுக்கியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மாண்டவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று எவரும் எண்ணலாகாது. சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசுவே தெளிவுபடுத்தினார். அப்படியானால், நெருக்கடி வேளையில் இறைவன் நம்மிடம் எதிர்பார்ப்பது என்ன?

புனித சூசையப்பரைப் பாருங்கள். ஏரோதின் வாளுக்குக் குழந்தையைத் தப்புவிக்குமாறு கனவிலே எச்சரிக்கை வந்தது. தம்மிடம் இருப்பவர் இறைமகன்தானே, தீங்கு நேராது என்று அவர் உறங்கிவிடவில்லை. விடியட்டும் என்றும் காத்திருக்கவில்லை. இரவிலேயே எழுந்து, தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். நற்செய்தியில் அவர் பேசிய ஒரு சொல்லும் இல்லை. அவரது கீழ்ப்படிதலே அவரது செபமாயிற்று.

இதற்கு மாறான குரலும் உண்டு. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்குமாறும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றும் அலகை இயேசுவைத் தூண்டியது. அவர் மறுத்தார். ஆபத்தை அறிந்தும் அசையாதிருந்து கடவுளைச் சோதிப்பது நம்பிக்கை ஆகாது.

ஆகவே அன்பர்களே, சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்புத் தோன்றினால், மரங்கள் சாய்ந்தால், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால், அசட்டை செய்யாதீர்கள். மண்சரிவுக்கான சிவப்பு எச்சரிக்கை என்பது உடனே வெளியேறுங்கள் என்பதாகும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு முதியவரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். ஆடு மாடும் தட்டுமுட்டுச் சாமான்களும் பின்னர் தேடிக்கொள்ளக்கூடியவை.

கீழ்ப்படிதல் ஏழைகளுக்கு மட்டும் உரிய கடமையன்று. எழுந்து போகச் சொல்வோர், போய்ச் சேர ஓர் இடத்தையும் காட்ட வேண்டும். மீரியபெத்தை மக்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தது 2016இல்தான், உயிர்கள் போன பிறகு. நிலமும் அதிகாரமும் உடையோரை நோக்கி, உன் சகோதரன் எங்கே என்று காயினிடம் கேட்ட இறைவன் இன்றும் கேட்கிறார். புகலிடமாகக் கதவு திறக்கும் ஒவ்வோர் ஆலயமும் பாடசாலையும் அக்கேள்விக்கு நாம் அளிக்கும் பதிலாகும்.

இன்றிரவு செபமாலை சொல்லி முடித்ததும், ஆபத்து வந்தால் எவ்வழியே வெளியேறுவது என்று குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். திருக்குடும்பத்தை இரவில் வழிநடத்திய இறைவன் உங்களையும் வழிநடத்துவாராக!