கதவைச் சாத்தினார்கள்... வீடே காலியானது!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இருப்பது பசிபிக் கடலோர மாநிலமான கலிஃபோர்னியாவில். ஆனால், 2024 முதல் அதன் அணிகள் ஆடுவதோ 'அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்' என்ற லீக்கில்! எப்படி இந்தக் கூத்து?

'கான்ஃபரன்ஸ்' என்றதும் கருத்தரங்கு என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரிகள் கூட்டுச் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் லீக்குக்கு அங்கே அதுதான் பெயர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்தான் காமதேனு. அதற்காக டிவி நிறுவனங்கள் தரும் கோடிகளைக் கல்லூரிகள் பங்கு போட்டுக்கொள்ளும். நீச்சல், வாலிபால் போன்ற வருமானமில்லாத விளையாட்டுகளும் பெரும்பாலும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கின்றன.

மேற்குக் கரையின் பெருமை, 1915-ல் வேர் கொண்ட 'பேக்-12'. 2010-ல் அதில் 10 கல்லூரிகள். டெக்சாஸ், ஓக்லஹோமா உட்பட ஆறு கல்லூரிகளைச் சேர்த்து 16 ஆக்கப் பெரிய திட்டம் போட்டார்கள். டெக்சாஸ் பின்வாங்கியது. கொலராடோவும் யூட்டாவும் மட்டும் வந்தன. அடுத்த ஆண்டே ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் மீண்டும் ஆர்வம் காட்ட, இந்த முறை 'விரிவாக்கம் வேண்டாம்' என்றது பேக்-12.

உண்மையான கோட்டை விட்டது 2021-ல். டெக்சாஸும் ஓக்லஹோமாவும் 'பிக்-12' என்ற போட்டி லீக்கிலிருந்து விலகப்போவதாக அறிவித்தன. எஞ்சிய எட்டுக் கல்லூரிகள் திகைத்து நின்ற நேரம். வேண்டியவர்களை அள்ளியிருக்கலாம். ஆகஸ்டில் மறுபடியும் அதே 'வேண்டாம்'. பதிலுக்கு, 'பிக் டென்' லீக்கோடும் அட்லான்டிக் லீக்கோடும் நட்புக் கூட்டணி அமைத்தார்கள். கையெழுத்திட்ட பத்திரம்கூடக் கிடையாது. நம்பிக்கைதான்!

பத்தே மாதங்கள். பேக்-12-ன் லாஸ் ஏஞ்சலிஸ் ஜாம்பவான்களான யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. இரண்டையும் கொத்திக்கொண்டு போனது அந்தக் கூட்டாளி பிக் டென்தான்.

பிக்-12 சும்மா இருக்கவில்லை. சில வாரங்களிலேயே ஹூஸ்டன் உட்பட நான்கு கல்லூரிகளை அழைத்தது. 2022 அக்டோபரில் டிவி ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது. பேக்-12 இன்னும் பேசிக்கொண்டே இருந்தது.

பாவம், சான் டியேகோ ஸ்டேட். லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டதால், தெற்கு கலிஃபோர்னியாவில் கால் பதிக்க அதைவிடப் பொருத்தமான கல்லூரி பேக்-12-க்குக் கிடையாது. 2023 ஜூனுக்குள் தன் பழைய லீக்குக்கு விலகல் நோட்டீஸ் தர வேண்டும். கட்டணம் சுமார் 1.7 கோடி டாலர், தேதி தாண்டினால் இரு மடங்கு. அழைப்பு வரும் என்று நம்பி, ஒரு மாத அவகாசம்கூடக் கேட்டுப் பார்த்தது. அழைப்பு வரவேயில்லை.

அதைச் சேர்த்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், ஆள் சேரும் வீட்டிலிருந்து கிளம்பத்தான் மற்றவர்கள் யோசிப்பார்கள். அந்த ஜூலையில் கொலராடோ, பிக்-12-க்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் விலகல்! செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லான்டிக் பக்கம் ஒதுங்கின.

இப்போது யு.சி.எல்.ஏ. மாணவிகள், நியூ ஜெர்சியிலுள்ள ரட்கர்ஸுடன் லீக் ஆட்டம் ஆட ஐந்து மணி நேரம் விமானத்தில் பறக்க வேண்டும். கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. பாடம், பரீட்சை எல்லாம் வழியில்தான்.

பேக்-12-ல் மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே கல்லூரிகள். 2024 செப்டம்பரில் அவை லீக்கை மறுபடி கட்ட, நான்கு கல்லூரிகளுக்கு முதல் அழைப்பை அனுப்பின. அந்த நான்கில் ஒன்று, சான் டியேகோ ஸ்டேட்!